மன்னிப்புக் கேட்காத ஸ்பைடர்

ஸ்பைடர் என்றதும் சிவப்பும் நீலமுமாக உடுத்திக்கொண்டு மாடிக்கு மாடி தாவும் பையன் நினைவுக்கு வந்தால் நீங்கள் என்னைவிட இளையவர். எனக்கு ஸ்பைடர் ஒரே ஒருவன்தான். கூரான காது. நெற்றியின் நடுவே முக்கோணமாக இறங்கும் கறுப்பு முடி. கையில் வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி. வாயைத் திறந்தால் தன்னைப் பற்றிய புகழ்ச்சி, மூடுவதற்குள் ஒரு கொக்கரிப்பு. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் குற்றச் சக்கரவர்த்தி. ரசிகர்களுக்குக் கூர்மண்டையன்.

இத்தனை வருஷம் கழித்து அவனைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், புனேவின் சாங்வியில் எங்கள் எதிர்வீட்டுப் பையன். எட்டாம் வகுப்பு. மார்வெல் படங்களை வசனம் பிசகாமல் ஒப்பிப்பான். என்னை மராத்தியில் காகூ, அதாவது சித்தி, என்பான். அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர்தான் இனி டாக்டர் டூம் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்களே, அன்றிலிருந்து அவன் மனசில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

"காகூ, ஹீரோவா இருந்தவர் வில்லனா வரலாம்னா, வில்லன் ஹீரோ ஆக முடியாதா?"

முடியும் என்றேன். டூமே காமிக்ஸில் ஒரு முறை ஆகியிருக்கிறான். 2016-ல் வந்த தொடரில், டோனி ஸ்டார்க் நினைவில்லாமல் கிடக்கும் நேரத்தில் அவன் இடத்தை டூம் எடுத்துக்கொண்டு அயர்ன் மேனாகப் புறப்படுவான். ஆனால் அதைச் சொல்லும்போதே என் மனம் நியூயார்க்கை விட்டு எங்கள் சாத்தூருக்குப் போய்விட்டது. என் அண்ணன் பாடப்புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த அந்தச் சின்ன அளவு புத்தகங்கள். அவன் படித்து முடித்ததும் எனக்கு. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த அடிதடி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான் விடவில்லை.

ஸ்பைடர் பிறந்தது இங்கிலாந்தில். 1965 ஜூன் 26-ஆம் தேதி 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கினான். டெட் கோவன் எழுதினார், ரெஜ் பன் வரைந்தார். கதை நடப்பதென்னவோ நியூயார்க்கில். ஹீரோவே திருடன் என்பதுதான் அந்தத் தொடரின் துணிச்சல். குற்ற உலகத்துக்கே ராஜா ஆக வேண்டும் என்பது அவன் லட்சியம். அதற்காக ஒரு படை திரட்டுகிறான். பூட்டு எதுவானாலும் உடைக்கிற ராய் ஆர்டினி, தந்திரக் கருவிகள் செய்து தரும் புரொபசர் பெல்ஹாம். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றைக் கல்லோடு கல்லாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அதில் குடியிருக்கிறான். பறக்க ஹெலிகார். பின்னால் ஓடிக் களைக்கிற துப்பறிவாளர்கள் கில்மோர், டிராஸ்க். அவனுடைய நிஜப்பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், யார் பெற்ற பிள்ளை, எதுவும் கிடையாது. குழந்தைப் பருவத்தில் ஒரு சோகம், அதனால் திருடன் ஆனான் என்ற வழக்கமான சமாதானமும் கிடையாது. எனக்கு இது முக்கியம். பின்னால் வருகிறேன்.

தமிழுக்கு அவன் வந்தது 1984-ல். அந்த ஜூலையில் எஸ். விஜயன் சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசிக்கு. சில மாதங்களிலேயே 'எத்தனுக்கு எத்தன்' என்று ஸ்பைடர் வந்து இறங்கினான். அதற்குப் பிறகு 'டாக்டர் டக்கர்', 'பாட்டில் பூதம்', 'கொலைப்படை' என்று வரிசையாக வந்தபோது தென் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் என்ன நடந்தது என்பதை அந்தத் தலைமுறை ஆட்களைக் கேளுங்கள். புத்தகத்தை இரவல் கொடுக்கிறவன் வகுப்பில் அரசனாக இருந்தான். கதைகள் நம்பும்படியாகவா இருந்தன? இல்லை. காதில் கூடை கூடையாகப் பூச்சுற்றிய கதைகள்தான். ஆனாலும் ரெஜ் பன்னின் அந்தக் கறுப்பு மை, கோட்டின் மேல் கோடாக இழைத்த நிழல், இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அந்த முகம், எல்லாம் சேர்ந்து நம்ப வைத்தன. தமிழர்களாகிய நமக்கு வில்லன் சிரிப்பு ரொம்பப் பழக்கம். பி.எஸ். வீரப்பா சிரித்தால் கொட்டகையே கைதட்டிய ஊர் நமது. ஸ்பைடர் சிரித்தபோது அவனை அயலானாக யாரும் நினைக்கவில்லை.

இப்போது அவன் நல்லவனாகும் திருப்பத்துக்கு வருகிறேன்.

தொடரின் முதல் கதைகளில் அவன் பச்சைத் திருடன். நகைக்கடை, வங்கி, எது கிடைத்தாலும். பிறகு அவனுக்குப் போட்டியாக வேறு குற்றவாளிகள் முளைக்கிறார்கள். நான் இருக்கும் இடத்தில் இன்னொருவன் ராஜாவா என்ற கோபத்தில் அவர்களை ஒழிக்கக் கிளம்புகிறான். நியாயத்துக்காக இல்லை, கிரீடத்துக்காக. அப்படி அடித்து அடித்துப் பழகிய பின் ஒரு கட்டத்தில் அவனுக்கே தெரிகிறது: காவலர்களை ஏமாற்றுவதில் இனிமேல் சவாலே இல்லை, இந்த அசுரர்களை வீழ்த்துவதில்தான் தன் மூளைக்கு வேலை இருக்கிறது. அங்கே திரும்பிவிடுகிறான். அழவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. யார் காலிலும் விழவில்லை. நேற்றுவரை தன்னைக் குற்றச் சக்கரவர்த்தி என்று பீற்றிக்கொண்ட அதே வாய், இன்று குற்றத்தின் எதிரி நான் என்று அதே குரலில் பீற்றுகிறது. தமிழில் 'நீதிக்காவலன் ஸ்பைடர்' என்று தலைப்பே வைத்தார்கள். நான் படித்த கதைகளில் அவன் கண் கலங்கிய ஒரு கட்டம்கூட எனக்கு நினைவில்லை.

சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது திரும்பப் படிக்கும்போது, நல்லவனாக மாறுகிற வில்லன்களில் இவனைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஏன் என்பதற்கு இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒருவர் நம் இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவர் பெயரைத் தலைப்பாக வைத்துத்தான். மின்சாரத்தில் விரலை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அவரைப் பார்த்துப் பிளக்குக்குப் பக்கத்தில் போகாதே என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. தமிழ்நாட்டில் காமிக்ஸ் என்றாலே மாயாவி என்று இருந்த காலம் அது. அந்த மாயாவி முதல் கதையில் வில்லன்! பலருக்கு இது மறந்தே போயிற்று. 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' இதழில் கென் புல்மர் எழுதி ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த மூலக்கதையில், லூயி கிராண்டேல் புரொபசர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலது கை போகிறது, இரும்புக்கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்து மறையும் சக்தி வருகிறது. வந்ததும் கொள்ளையும் மிரட்டலும். நகரத்தையே நடுங்க வைக்கிறான். கடைசியில் என்ன சொல்கிறார்கள்? விபத்தில் புத்தி பேதலித்துவிட்டது, இப்போது தெளிந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் நிழற்படையின் உளவாளி, நாம் கொண்டாடிய நல்லவர். மாயாவி மேல் எனக்கு உயிர். ஆனாலும் அந்த முதல் கதையின் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. செய்ததெல்லாம் விபத்து செய்தது, நான் செய்யவில்லை என்றால், பிறகு மாறியது யார்?

இன்னொருவர் நாக்ராஜ். அவருக்கும் நான் இருக்கும் புனேவுக்கும் உறவு உண்டு. டில்லியின் ராஜ் காமிக்ஸ் 1986-ல் நாக்ராஜைக் கொண்டுவந்தபோது பரசுராம் சர்மா எழுதினார். வரைந்தவர் புனே ஓவியர் பிரதாப் முளிக். அமர் சித்ர கதாவில் கண்ணனையும் ராமனையும் வரைந்த அதே தலைமுறைக் கை, பச்சைத் தோலில் பாம்புச் செதில் போட்டு நாக்ராஜையும் வரைந்தது. எதிர்வீட்டு வஹினி, அதாவது அந்தப் பையனின் அம்மா, புனேவின் 'அப்பா பல்வந்த் சௌக்' பகுதியில் பாடப்புத்தகம் வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு நாக்ராஜையாவது வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தவர். கதையை அவர்தான் எனக்கு முழுக்கச் சொன்னார். நாக்ராஜ் நல்லவனாகத் தொடங்கவில்லை. பயங்கரவாதிகளுக்கு விற்பதற்காக நாகமணி என்ற விஞ்ஞானி வளர்த்த ஆயுதம் அவன். முதல் ஏவல் ஒரு கோயிலின் தங்கச் சிலையைத் திருடுவது. அங்கே பாபா கோரக்நாத் அவனை அடக்கி, மனசைக் கட்டி வைத்திருக்கும் கேப்ஸ்யூல் ஒன்று தலைக்குள் இருப்பதைக் கண்டு, எடுத்துவிடுகிறார். அந்தக் கணத்திலிருந்து உலகத்தின் பயங்கரவாதத்தை ஒழிப்பேன் என்று சபதம். கதை வேகமானது. படங்கள் இன்றைக்கும் அழகு. ஆனாலும் அங்கேயும் அதே கதவுதான் திறக்கிறது: கெட்டது செய்தது கேப்ஸ்யூல், நல்லது செய்வது நான்.

ஸ்பைடருக்கு இந்தக் கதவு இல்லை. விபத்து இல்லை, கேப்ஸ்யூல் இல்லை, பால்ய சோகம் இல்லை. திருடினான் என்றால் அவன்தான் திருடினான், தெரிந்தே, ரசித்தே. திரும்பினான் என்றாலும் அவன்தான் திரும்பினான். குற்றம் தன்னுடையதாக இருந்தால்தான் திருப்பமும் தன்னுடையதாக இருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்கக் காமிக்ஸ்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1997-ல் கர்ட் பியூசிக்கும் மார்க் பாக்லியும் தொடங்கிய 'தண்டர்போல்ட்ஸ்' தொடரில் வில்லன் கூட்டம் ஒன்று பெயரை மாற்றி, முகமூடி மாற்றி, ஹீரோக்களாக நடிக்கிறது. ஜனங்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டல் சிலருக்குப் பிடித்துப் போகிறது, நடிப்பிலிருந்து வெளியே வர மனம் இல்லை. நல்ல கதை. ஆனால் அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே ஒரு மனிதர் இந்த வேலையைச் செய்து வைத்துவிட்டார்.

அவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். கோவனுக்குப் பிறகு ஸ்பைடரை எழுதியவர் இவர்தான். ஸ்பைடரின் பெரும்பாலான கதைகள் இவர் கையெழுத்து. சிவகாசியில் அச்சாகி எங்கள் சாத்தூர் வீட்டுக்கு வந்த அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் சூப்பர்மேனின் தகப்பன் இருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவன் நம்பவே இல்லை.

சீகலின் கதையை விரித்துச் சொல்லாமல் என்னால் இதைத் தாண்ட முடியாது. 1932-ல் கிளீவ்லாண்டில் அவருடைய அப்பா தன் துணிக்கடையில் திருடர்கள் புகுந்த நேரத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். 1933 ஜனவரியில், பையனாக இருந்த சீகல் தானே நடத்திய ஒரு கையெழுத்துப் பிரதி மாதிரியான சிறு பத்திரிகையில் கதை ஒன்று எழுதினார், நண்பர் ஜோ ஷஸ்டர் படம் போட்டார். அதில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் வருகிறது. அந்த சூப்பர்மேன் மொட்டைத் தலை வில்லன்! பஞ்ச காலத்தில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஓர் ஏழையைப் பிடித்து ஒரு விஞ்ஞானி மருந்து கொடுக்க, பிறர் மனதைப் படிக்கும் சக்தி வந்து உலகத்தை ஆட்டிவைக்கப் பார்க்கிறான். கடைசியில் சக்தி தீர்ந்து அதே வரிசைக்குத் திரும்புகிறான். பிறகு சீகல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார். 1938-ல் வந்த சூப்பர்மேன் பலவீனர்களின் பக்கம் நின்றவன். அந்த உரிமையை இரண்டு பேருமாகச் சேர்ந்து விற்றது 130 டாலருக்கு. சூப்பர்மேன் கோடிகளைச் சம்பாதித்தான், இவர்களுக்கு வறுமை. உரிமையைத் திரும்பக் கேட்டு அறுபதுகளின் நடுவில் சீகல் சட்டப்படி இறங்கியபோது அதை வாங்கிய பதிப்பகத்தில் இருந்த எழுத்து வேலையும் போயிற்று. அப்படி வேலை தேடிய காலத்தில் கிடைத்ததுதான் பிரிட்டனிலிருந்து ஸ்பைடர். 1975 டிசம்பரில்தான் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன.

வாழ்க்கையில் இரண்டு முறை ஒரு வில்லனை எடுத்து ஹீரோவாகத் திருப்பி எழுதியவர் சீகல். அப்பாவைத் திருடர்களிடம் பறிகொடுத்த பையன், ஐம்பது வயதில், மற்றவர்களால் சுரண்டப்பட்டு நிற்கும் நேரத்தில், ஒரு திருடனைக் கையில் எடுத்து அவனை நல்ல பக்கம் கொண்டுவருகிறார். அதுவும் கண்ணீர் சிந்த வைக்காமல், தலை குனிய வைக்காமல். இதில் ஒரு பெருந்தன்மை எனக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் வஹினியிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார்: "சரி, திருந்திட்டான். திருடின நகையெல்லாம் யார் திருப்பிக் குடுப்பா? பறிகுடுத்தவங்க வீட்டு வாசல்ல ஒரு நாளாவது போய் நின்னானா?"

இந்தக் கேள்விக்கு ஸ்பைடர் கதைகளில் பதில் இல்லை. வாரத்துக்கு வாரம் ஓட வேண்டிய தொடர், புதிய அசுரன் காத்திருக்கிறான், பழைய கணக்கைப் பார்க்க நேரம் ஏது? ஆனால் நம் நாட்டில் இந்தக் கணக்கைப் பார்த்த கதை ஒன்று ரொம்ப நாளாகவே இருக்கிறது. அங்குலிமாலன். கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்தவன், புத்தரைச் சந்தித்துத் துறவியாகிறான். அதோடு முடிந்துவிடவில்லை. பிச்சைக்குப் போகும் தெருவில் ஜனங்கள் கல்லெறிகிறார்கள், மண்டை உடைந்து, திருவோடு உடைந்து, ரத்தத்தோடு திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். மாறிய பிறகும் பழைய செயல் வந்து கதவைத் தட்டும் என்பதை ஒளிக்காமல் சொன்ன கதை. அமர் சித்ர கதாவிலும் அங்குலிமாலா உண்டு. வஹினி கேட்டது அந்தக் கல்லடியைத்தான். அவர் கேட்டது நியாயம்.

இருந்தாலும் ஸ்பைடரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம், அங்குலிமாலன் மாறியபோது பழைய ஆள் முழுவதும் காணாமல் போகிறான். நம்மைச் சுற்றி மாறுகிறவர்கள் அப்படி மாறுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான், இப்போது வாலிபன். வண்டிக் கண்ணாடி உடைப்பது, சின்னப் பிள்ளைகளை மிரட்டிக் காசு பிடுங்குவது, ஏதாவது ஒரு சண்டை தினமும். அவன் வந்தால் எல்லாரும் ஒதுங்குவோம். எப்போது, எதனால் என்று யாருக்கும் தெரியாது, கணபதி விழா நடத்தும் மண்டல் வேலையில் ஒட்டிக்கொண்டான். இப்போது சிலை கரைக்கும் விசர்ஜன் அன்று பவனா ஆற்றுப் படித்துறையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறவன் அவன்தான். அதே உரத்த குரல், அதே நெஞ்சை நிமிர்த்திய நடை, எதிர்த்துப் பேசினால் அதே முறைப்பு. குழந்தைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விடாமல் விரட்டுகிறான். ஒரு குழந்தையும் அவனை மீறி இறங்க முடியாது. அவன் பணிவானவனாக ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தக் கூட்டத்தை அவனால் நிறுத்தவும் முடியாது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூர்மண்டையனின் சிரிப்பு கேட்கிறது.

கெட்டவன் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் நாம் முதலில் கேட்பது அழுகையைத்தான். குனி, மன்னிப்புக் கேள், பிறகு பார்க்கலாம் என்கிறோம். அந்தத் திமிரையே ஒரு நல்ல வேலைக்குத் திருப்பிவிட வழி இருக்கிறதா என்று கேட்பதில்லை. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தில் கெட்ட பெயர் வாங்கியவர்கள்தான். அவர்களுக்குப் படக்கதைகளில் தங்களைப் போல ஒருவன் ஜெயித்துக் காட்டினான் என்றால் அது ஸ்பைடர்தான். அவன் அவர்களிடம் அழச் சொல்லவில்லை.

இருந்தாலும் வஹினியின் கேள்வி பாக்கி இருக்கிறது. ஸ்பைடரின் பழைய பிரிட்டிஷ் கதைகளை இப்போது ரெபெல்லியன் நிறுவனம் தொகுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. 2005-ல் தொடங்கிய 'ஆல்பியன்' தொடரில் ஆலன் மூர் குடும்பத்தார் அவனை மறுபடி நடமாட விட்டார்கள். அவன் பறித்ததற்குப் பதில் சொல்லும் கதை மட்டும் என் கண்ணில் படவில்லை. அது தமிழில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்பைடரே வேண்டாம், நம் ஊர்ப் பெயரோடு, நம் ஊர்த் தெருவில், தெரிந்தே கெட்டது செய்து தெரிந்தே திரும்பிய ஒருவன். அல்லது ஒருத்தி. திமிர் குறையாமல் நல்லது செய்யட்டும், ஒரு நாள் தான் பறித்த வீட்டு வாசலிலும் போய் நிற்கட்டும். அங்கே கதவைத் திறக்கிறவர் என்ன சொல்வார் என்பதை எழுதத் தெரிந்தவர், வரையத் தெரிந்தவர் உங்களில் யாராவது இருந்தால் தொடங்குங்கள். முதல் பிரதி எனக்கு, அடுத்தது எதிர்வீட்டுக்கு. பரணில் பழைய லயன் இதழ்கள் வைத்திருப்பவர்கள் செல்லரிப்பதற்குள் கீழே இறக்கி, வீட்டில் அதிகம் திட்டு வாங்கும் பிள்ளையின் கையில் கொடுங்கள்.